சபையில் வாசித்ததும் வாசிக்காததும்

லூயிவில் பக்கத்து முகாம்
1862, பத்தாம் மாதம், 12

அண்ணா,

உன் கோபம் இன்னும் ஆறியிருக்காது. நீ சபையோட மாதக்கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பினேன், சொல்லிட்டுப் போற தைரியம் இல்ல. உன் புது பூட்ஸையும் எடுத்துட்டு வந்தேன், அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோ. பட்டாளத்துல எனக்குக் குடுத்த ஜோடி ரெண்டும் ஒரே காலுக்குத் தச்சது. உன் பூட்ஸ் இல்லன்னா கென்டக்கி முழுக்க நொண்டியே நடந்திருப்பேன்.

நம்ம சோளக் களஞ்சியத்துல மூணு நாள் ஒளிஞ்சிருந்தாரே, தெற்கேயிருந்து தப்பி வந்த அடிமை, அவர் முதுகுல இருந்த சாட்டைத் தழும்பை நீயும்தான் பார்த்த. அவருக்கு ரொட்டி குடுத்தோம், வண்டியில வைக்கோலுக்கு அடியில படுக்க வச்சு அனுப்பினோம். அப்புறம் சபை வீட்டுல போய் மௌனமா உட்கார்ந்தோம். அவரைத் துரத்திட்டு வந்தவன் மௌனமா உட்காரல அண்ணா. அன்னிக்கே எனக்கு மனசு விட்டுப் போச்சு. துப்பாக்கி தொடக்கூடாதுன்னு நம்ம சபை சொல்றது எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன்.

இங்க வந்த முதல் வாரமே மாட்டிக்கிட்டேன். கர்னல் குதிரையில வந்தார், நான் தொப்பியையும் எடுக்கல, சல்யூட்டும் அடிக்கல. "என்னடா பார்க்கிற?"ன்னு கேட்டார். நம்ம வழக்கப்படி, "உன்னைத்தான் பார்க்கிறேன், உனக்கு ஏதாவது வேணுமா?"ன்னு கேட்டுட்டேன். ஒரு வாரம் கக்கூஸ் குழி வெட்டினேன். நாங்க ராஜாவையும் நீன்னுதான் கூப்பிடுவோம்னு சார்ஜென்ட்கிட்ட சொல்லிப் பார்த்தேன், "ராஜா வந்தா கூப்பிட்டுக்கோ, இப்போ குழியை வெட்டு"ன்னுட்டார். தேதி எழுதறதையும் எட்டிப் பார்த்துட்டுச் சிரிக்கிறார், அக்டோபர்னு எழுத வராதான்னு.

ஓரின் பிரூட்தான் காப்பாத்தினான். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்களே பிரூட் அம்மா, அவங்க பெரிய பையன், செம்பட்டைத் தலை. ஒரு கோவேறு கழுதையைப் பிடிச்சு நிறுத்தி, "இதுதான் கர்னல். 'நீங்க'ன்னு சொல்லிப் பழகு, இதுவாவது உன்னை மன்னிக்கும்"ன்னான். அவன், அவன் தம்பி லூசியஸ், நான், மூணு பேருக்கும் ஒரே சட்டி. ஓரின்தான் சமையல். உப்புப் பன்றிக்கறியை வறுத்துட்டு அந்தக் கொழுப்புலயே கல்லு ரொட்டியை ஊறப் போடுவான். பசியில நல்லாத்தான் இருக்கு.

சண்டை இன்னும் பார்க்கல. பார்த்தா உன் தம்பி எப்படி நின்னான்னு ஊரே சொல்லும், அப்போ நீயும் கேப்ப.

எல்வுட்


பீச் கிரீக், இண்டியானா
1862, பதினோராம் மாதம், 16

தம்பி எல்வுட்,

கடிதம் கிடைத்தது. பூட்ஸ் போனால் போகட்டும், உன் அண்ணி ரோடா பழையதைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். கர்னலை நீ என்று கூப்பிட்டதற்குக் குழி வெட்டினாய் என்று படித்ததும் அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனவன் ஒன்றை மட்டும் வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

அந்த மனிதரின் முதுகை நானும் பார்த்தேன். வண்டியை ஓட்டியதும் நான்தான். பிடிபட்டிருந்தால் பண்ணை போயிருக்கும், ஜெயிலும் கிடைத்திருக்கும். மௌனமாக உட்கார்ந்தவன் ஒன்றும் செய்யவில்லை என்று நீ எழுதியது என்னைச் சுட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

மாதக்கூட்டத்தில் உன் பெயர் வந்தது. ஹைரம், ஜோனாஸ் பெயர்களும் வந்தன. மூன்று பேரும் ஆயுதம் எடுத்திருக்கிறீர்கள், வருந்துகிறோம் என்று எழுதினால் சபையில் இருக்கலாம், இல்லையென்றால் நீக்க வேண்டும். முடிவு அடுத்த ஆண்டின் முதல் மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. நான் சபை எழுத்தர் என்பது உனக்குத் தெரியும். இந்தச் சபையில் ஓட்டு கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுத்தர் காத்திருப்பான். யாரும் மறுக்காமல் மௌனமாக இருந்தால் அது சம்மதம், எழுத்தர் அதை எழுதிவிடுவான். என் கையாலேயே உன் பெயரை எழுதி அடிக்க வேண்டிவரும்.

அம்மா கண் மூடும்போது உன் கையை என் கையில் கொடுத்தாள். உனக்கு அப்போது ஏழு வயது, நினைவிருக்காது. அவள் கேட்டது ஒன்றுதான், இவனைச் சபையை விட்டுப் போகவிடாதே என்றாள். அதற்காக நான் எதையும் செய்வேன். இரண்டு வரி எழுது எல்வுட். உன்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

மாலன்


ஸ்டோன்ஸ் ஆற்றங்கரை, டென்னஸி
1863, முதல் மாதம், 6

அண்ணா,

இதை உனக்கு மட்டும் எழுதறேன். அண்ணிகிட்டகூடச் சொல்லாத.

அன்னிக்குக் காலையில காபி போட்டுட்டு இருந்தோம். சட்டி கொதிக்கறதுக்குள்ள மரங்களுக்கு நடுவிலேர்ந்து தெற்குப் பட்டாளம் வந்துடுச்சு. வரிசையில நின்னோம், இடது பக்கம் லூசியஸ், நடுவில நான், வலது பக்கம் ஓரின். எனக்கு வாயெல்லாம் வறண்டு போச்சு. எங்களுக்கு முன்னாடி இருந்த நம்ம பட்டாளமே சிதறி எங்க மேல ஓடி வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது எனக்கே கோர்வையா வரல. துப்பாக்கி ரொம்பக் கனமா இருக்குன்னு தோணிச்சு, கீழ போட்டேன். ஓடினேன். ஒரு தடவைகூடச் சுடல.

தேவதாரு மரக் காட்டுக்குள்ள ஒரு உடைஞ்ச வண்டிக்கு அடியில மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தேன். அப்புறம் செத்துக் கிடந்த ஒருத்தனோட துப்பாக்கியை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போனேன். கூட்டத்துல வேற பட்டாளத்தோட கலந்துட்டேன்னு சார்ஜென்ட்கிட்ட சொன்னேன். அன்னிக்கு அப்படி நிறையப் பேர் தொலைஞ்சு போய்த் திரும்பி வந்தாங்க. புகையில யாரும் என்னைப் பார்க்கல.

ஓரின் செத்துட்டான். லூசியஸ் அழுதுக்கிட்டே என் கழுத்தைக் கட்டிக்கிட்டுச் சொன்னான், "நீ விழுந்துட்டன்னு நினைச்சு உன் இடத்துல வந்து நின்னான்டா, நின்னதும் பட்டுச்சு." பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க, பக்கத்துல ஆள் விழுந்தா நகர்ந்து இடைவெளியை மூடணும். அது என் இடம் அண்ணா. அவன் முதல்ல நின்ன இடம் சும்மாதான் இருந்துச்சு, அங்க ஒரு குண்டும் வரல. லூசியஸ் என்னைக் கட்டிக்கிட்டு, நீயாவது உயிரோட வந்தியேன்னு சொல்றான். நான் வாயைத் திறக்கல.

ஓரின் இல்லாம இப்போ காபி போடறது நான்தான். லூசியஸ் முதல் டம்ளரை எனக்குக் குடுக்கறான். அவன் அந்தப் பக்கம் திரும்பினதும் மண்ணுல ஊத்திடறேன்.

நான் வந்திருக்கவே கூடாது. வருந்தறேன்னு எழுதச் சொன்னியே, எழுதறேன், நான் வருந்தறேன். ஆனா நீ நினைக்கிற காரணத்துக்காக இல்ல. உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்ல, அதான் சொல்றேன். படிச்சுட்டு அடுப்புல போட்டுடு.

எல்வுட்


பீச் கிரீக்
1863, முதல் மாதம், 25

என் அருமைத் தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொட்டகையில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ரோடா தேடிக்கொண்டு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள், சந்தோஷம் என்று சொன்னேன்.

நீ உன்னைக் கோழை என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றிலும் கொலை நடக்கும்போது துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு குண்டுகூடச் சுடாமல் விலகிப் போயிருக்கிறாய். உன் கையை யார் பிடித்து அதைக் கீழே போடவைத்தது என்று யோசித்துப் பார். கடவுள் நமக்குள் வைத்த உள்ளொளி எப்போது, எப்படி வேலை செய்யும் என்று நாம் சொல்ல முடியாது. அது பயத்தின் வேஷத்திலும் வரலாம்.

நேற்று மாதக்கூட்டம். ஹைரமும் ஜோனாஸும் பதில் எழுதவில்லை, அவர்களை நீக்கியாகிவிட்டது. அடுத்தது உன் பெயர். நீ எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாய், தெரியும். ஆனால் அதைப் பையில் வைத்துக்கொண்டு உன் பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை. துப்பாக்கியைக் கீழே போட்டது வரையிலும், கடைசியில் நீ வருந்துகிறேன் என்று எழுதியதையும் வாசித்தேன். ஓரினைப் பற்றிய பகுதியை வாசிக்கவில்லை, அது சபைக்கு வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் எப்பேர்ப்பட்ட மௌனம் எல்வுட். கிழவர் பென்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவரும் மறுக்கவில்லை. நீ சபையில் இருக்கிறாய் என்று எழுதினேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

இன்று மத்தியானம் நானும் ரோடாவும் பிரூட் அம்மாவைத் துக்கம் விசாரிக்கப் போனோம். ஒரு ஜாடி ஆப்பிள் பாகு கொண்டுபோனோம். ஓரினைப் பற்றி அவள் நிறையப் பேசினாள். உன் மகன் பக்கத்தில் நின்ற என் தம்பி அன்று ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டான், அந்தக் கொலைக்களத்திலும் ஒரு பிள்ளை கொல்லாமல் வந்திருக்கிறான் என்று சொன்னேன். நம் சபையில் உட்கார்வதைப் போலவே கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மௌனமாக இருந்தாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அம்மாவின் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

உன் மாலன்


மர்ஃப்ரீஸ்பரோ, டென்னஸி
மார்ச் 8, 1863

மாலன்,

இனிமே தேதியை எல்லாரும் எழுதற மாதிரிதான் எழுதப்போறேன்.

பிரூட் அம்மா மௌனமா இருந்தாங்களே, அப்போ என்ன யோசிச்சாங்கன்னு தெரியுமா உனக்கு? லூசியஸ் ஜனவரியிலேயே அவங்களுக்கு எழுதியிருந்தான், எல்வுட் விழுந்துட்டான்னு நினைச்சு அவன் இடத்தை அடைக்கப் போய்த்தான் ஓரின் செத்தான்னு. அந்தக் கடிதம் அவங்க மடியிலதான் இருந்திருக்கும். நீ போய், எல்வுட் விழல, துப்பாக்கியைப் போட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லியிருக்க. அதுவும் சிரிச்ச முகத்தோட, கையில ஜாடியோட. கணக்குப் போட அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க எழுத உட்கார்ந்திருப்பாங்க.

லூசியஸ் அதை எடுத்துட்டு வந்து என் முன்னாடி நின்னான். நான் காபிக்கு நெருப்பு மூட்டிட்டு இருந்தேன். அடிப்பான்னு நினைச்சேன், அடிக்கல. "அம்மா எழுதினது நிஜமா?"ன்னு கேட்டான். நிஜம்னேன். "நான் உன்னைக் கட்டிக்கிட்டு அழுதப்போ உனக்கு எப்படிடா இருந்துச்சு?" கேட்டுட்டு ஓரினோட சட்டியை எடுத்துக்கிட்டு வேற நெருப்புக்குப் போயிட்டான்.

இப்போ எனக்குத் தனி அடுப்பு. ஒரு தகர டப்பாவுல தனியா காபி போட்டுக் குடிக்கிறேன். நான் போய் உட்கார்ந்தா எழுந்து போறாங்க. குளிர்ல ரெண்டு பேர் ஒரு போர்வையில படுக்கிறது இங்க வழக்கம், என்கூட யாரும் படுக்கிறதில்ல. சண்டை தேதி குறிச்சா முன்கூட்டியே சொல்லட்டுமா, உனக்கு ஓட வசதியா இருக்கும்னு ஒருத்தன் கேக்கறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

இதையெல்லாம் தாங்கிடலாம். செஞ்சதுக்கு அனுபவிக்கிறேன். லூசியஸ்கிட்ட நானே சொல்லணும்னு தினமும் நினைச்சுட்டு இருந்தேன், நாளைக்கு, நாளைக்குன்னு. என்கிட்ட மிச்சம் இருந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் நீ எனக்கு முன்னாடி போய்ச் செஞ்சுட்ட, அதுவும் பெருமையா.

உள்ளொளியாம். என் கால் ஓடினப்போ என் கால்சட்டை நனைஞ்சிருந்துச்சு. அதையும் சபையில வாசிச்சிருக்கலாமே. பாதியை வாசிச்சுப் பாதியை மடிச்சு வச்சியே, அந்தப் பாதியில ஓரின் இருந்தான். ஹைரமும் ஜோனாஸும் வருந்தாம வருந்தறேன்னு எழுதாதவங்க, அவங்களை நீக்கிட்டீங்க. என்னை உன் பொய்யில நிறுத்தி வச்சு, சபையில இருக்கான்னு எழுதியிருக்க. இனிமே எனக்கு எழுதாத.

எல்வுட்


பீச் கிரீக்
1863, நான்காம் மாதம், 19

எல்வுட்,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பொய் சொல்லவில்லை. நீ எழுதியதில் ஒரு எழுத்தை மாற்றவில்லை. பாதியை விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உன்னை வளர்த்தவன் நான், உன் அழுக்குத் துணியை ஊர் முன்னால் விரிக்க எனக்கு மனமில்லை, அதனால் விட்டேன். நல்லது எதுவோ அதை வாசித்தேன். அதைப் பொய் என்கிறாய். பன்னிரண்டு வருஷம் உனக்குச் சோறு போட்டவன் அந்த வார்த்தைக்குத் தகுதியானவனா என்று நீயே யோசித்துக்கொள்.

பிரூட் அம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததை விளக்கலாம் என்றுதான் போனேன். கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், சாத்திவிட்டாள். ஆப்பிள் பாகு ஜாடி திறக்காமல் வாசற்படியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். ரோடா அதை அலமாரியில் வைத்திருக்கிறாள், சாப்பிடவும் மனம் வரவில்லை, கொட்டவும் வரவில்லை.

ஹைரமின் அப்பா என்னோடு பேசுவதில்லை. என் மகனுக்கு எழுதத் தெரியாது, உன் தம்பிக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம் என்று மில்லில் நாலு பேர் முன்னால் சொன்னார்.

ஆனால் ஒன்று எல்வுட். நீ இன்னும் சபையில் இருக்கிறாய். யார் என்ன சொன்னாலும் அதை மாற்ற நான் விடமாட்டேன். நீ திரும்பி வரும்போது உட்கார ஒரு பெஞ்சு இருக்கும். அப்போது புரிந்துகொள்வாய்.

மாலன்


சட்டனூகா, ராணுவ மருத்துவமனை
அக்டோபர் 4, 1863

மாலன்,

உனக்கு எழுதறதில்லன்னு இருந்தேன். ஆனா இது சபைக்கு வர வேண்டிய விஷயம், சபைக்கு வர்ற கடிதம் எழுத்தர் கைக்குத்தான் வரும்.

சிக்கமாகாவில ரெண்டு நாள் சண்டை. பேப்பர்ல படிச்சிருப்ப. இடது கையில ரெண்டு விரல் போச்சு, மத்தபடி நல்லாயிருக்கேன். இனிமே சொல்றதைக் கவனமாப் படி.

சார்ஜென்ட் வேணும்னே என்னை லூசியஸ் பக்கத்துல நிறுத்தினார். எட்டு மாசத்துக்கு அப்புறம் தோளோட தோள் உரசி நின்னோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்கு அன்னிக்கும் வாய் வறண்டு போச்சு. ஆனா ஓடல. தைரியம் வந்துடுச்சுன்னு நினைக்காத. அவன் பக்கத்துல நின்னு மறுபடியும் ஓடறதுக்கு வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். பயத்துல ஓடினேன், வெக்கத்துல நின்னேன். ரெண்டுத்துக்கும் யாரும் என் முதுகுல தட்ட வேண்டாம்.

ரெண்டாம் நாள் மத்தியானம் ஒரு வேலிக்குப் பின்னாடி இருந்தோம். புகை கொஞ்சம் விலகிச்சு. ஒருத்தன் தனியா நின்னு துப்பாக்கியில மருந்து இடிச்சுட்டு இருந்தான். தாடி வச்ச ஆள், உன் வயசு இருக்கும். இடுப்புல ஒரு தகர டம்ளர் கட்டியிருந்தான், அவன் அசையறப்பல்லாம் அது ஆடிச்சு. தலையைக் குனிஞ்சு மருந்துப் பையில எதையோ தேடிட்டு இருந்தான், என்னைப் பார்க்கல. எனக்கு நேரம் இருந்துச்சு மாலன். யோசிக்கவும் நேரம் இருந்துச்சு. நான் சுடலன்னா அவன் அடுத்த குண்டு எங்க வரிசைக்குத்தான் வரும்னு தெரியும், லூசியஸுக்கே வரலாம். சபை சொல்றதும் ஞாபகம் வந்துச்சு. ரெண்டும் தெரிஞ்சுதான் நிதானமாக் குறி பார்த்துச் சுட்டேன். உட்கார்ற மாதிரி மெதுவா விழுந்தான். பக்கத்துல வேற யாரும் சுடல, அது என் குண்டுதான்.

அன்னிக்கு ஓடினது நான் செஞ்ச காரியம்னு சொல்ல முடியாது, என் காலு செஞ்சது. இதை நான் செஞ்சேன். சரிதான்னு சொல்லல, தப்புன்னும் என்னால சொல்ல முடியல. அந்த டம்ளர் சத்தம் தினமும் கேக்குது. ஆனா இதை வேற யார் தலையிலயும் கட்ட மாட்டேன், உள்ளொளி தலையிலயும் கட்ட மாட்டேன்.

விரல் போனதும் லூசியஸ்தான் என் கையைத் துணியால கட்டினான். வண்டி வரைக்கும் தாங்கிட்டு வந்தான். மன்னிச்சுட்டேன்னு சொல்லல. "அம்மாவுக்கு உன்னைப் பத்தி நான் எதுவும் எழுத மாட்டேன். உயிரோட ஊருக்குப் போனா நீயே போய்ச் சொல்லு. உங்க அண்ணனை அனுப்பாத"ன்னான். சரின்னேன்.

மாலன், இந்தக் கடிதத்தை அடுத்த மாதக்கூட்டத்துல வாசி. ஜனவரிக் கடிதத்துல நீ மடிச்சு வச்ச பாதியையும் சேர்த்து வாசி. முழுசா வாசி. அதுக்கப்புறம் என்னை நீக்கினா நான் ஏத்துக்கறேன். நான் உன்கிட்ட கேக்கற கடைசி விஷயம் இதுதான்.

எல்வுட்


பீச் கிரீக்
1863, பதினோராம் மாதம், 29

எல்வுட்,

நேற்று மாதக்கூட்டம் முடிந்தது. உன் கடிதம் என் கோட்டின் உள்பையில் இருந்தது. பழைய கடிதத்தையும் அம்மாவின் பைபிளிலிருந்து எடுத்து அதனோடு வைத்திருந்தேன். வாசிக்க வேண்டும் என்றுதான் போனேன், நம்பு.

வேலி விவகாரம் வந்தது, பள்ளிக்கூடக் கூரை வந்தது. எல்லாம் முடிந்த பிறகு, வேறு ஏதாவது விஷயம் உண்டா என்று எழுத்தர் கேட்க வேண்டும். கேட்டேன். காத்திருந்தேன். பென்ரோஸ் என்னைப் பார்த்து, உன் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டார். கையில் காயம், தேறி வருகிறான் என்றேன். நம் பிள்ளை என்றார் அவர். என்னால் எழுந்து வாசிக்க முடியவில்லை எல்வுட். யாரும் மறுக்கவில்லை, கூட்டம் முடிந்தது என்று எழுதிவிட்டு மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு கடிதங்களையும் அடுப்பில் போட்டேன். ரோடா பார்த்துவிட்டாள். கேட்டாள், சொன்னேன். "அவன் எரிக்கச் சொன்னப்போ வாசிச்ச. வாசிக்கச் சொன்னப்போ எரிச்சிருக்க" என்றாள். அந்த ஜாடியை எடுத்துப் பன்றித் தொட்டியில் கொட்டினாள்.

கோபப்படு, எனக்குப் பழகிவிட்டது. நீ கொன்றவனைப் பற்றி எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும், அது போதும். நீக்கப்பட்டவனாக உன்னைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சபைக்கு மறுபடியும் எழுதாதே. எழுதினால் என் கைக்குத்தான் வரும்.

மாலன்


நாஷ்வில், ரயிலடி
1863, பன்னிரண்டாம் மாதம், 20

அண்ணா,

தேதியைப் பழையபடி எழுதியிருக்கேன். அது உனக்கு மட்டும் சொந்தமில்ல, எனக்கும்தான்.

காயத்துக்கு லீவு குடுத்திருக்காங்க. கிறிஸ்துமஸ் கழிஞ்சு வந்து சேருவேன். ரயிலடிக்கு வண்டி கொண்டு வராத, நடந்தே வந்துடுவேன். உன் பூட்ஸ் இன்னும் கிழியல.

முதல்ல வீட்டுக்கு வரமாட்டேன், பிரூட் அம்மாவைப் பார்க்கப் போறேன். கதவைச் சாத்தினா வாசப்படியில உட்கார்ந்திருப்பேன். திறந்தா, அன்னிக்கு நான் நின்ன இடம் எது, ஓரின் நின்ன இடம் எது, நான் எங்க படுத்திருந்தேன்னு அவங்க கேக்கற வரைக்கும் சொல்வேன். லூசியஸ் அவங்களுக்கு ஓரினோட சட்டியைக் குடுத்தனுப்பியிருக்கான். ரெண்டு நாள் முன்னாடி கொண்டாந்து என் கையில குடுத்தான். அடி கருகிப் போயிருக்கு, நான் தேய்க்கல.

அப்புறம் அண்ணியைப் பார்க்கணும். அவங்க உன்கிட்ட கேட்டதுக்கு நன்றி சொல்லணும்.

உன்னை நான் வெறுக்கல. வெறுத்துப் பார்த்தேன், அந்த மருத்துவமனையில வேற வேலை இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் நீ என்னைத் தோள்ல தூக்கிட்டுப் பனியில பள்ளிக்கூடம் போனது ஞாபகம் வந்துடுது. என்னைக் கீழ விழாமப் பிடிச்சிருக்கறதா நினைச்சு நீ இன்னும் பிடிச்சுட்டே இருக்க அண்ணா. எனக்கு வலிக்குது. இறக்கி விடு.

கடிதத்தை எரிச்சா என்ன, என் வாயை எரிக்க முடியாது. முதல் மாதக் கூட்டத்துக்கு வர்றேன். நீ என்னை நீக்கல, அதனால உள்ள வர எனக்கு உரிமை இருக்கு, அந்த வகையில உனக்கு நன்றி. வேலி, கூரையெல்லாம் முடியற வரைக்கும் தொப்பியோட உட்கார்ந்திருப்பேன். வேறு ஏதாவது விஷயம் உண்டான்னு நீ கேக்கணும். கேட்டே ஆகணும், எழுத்தர் நீ. அப்போ நான் எழுந்திருப்பேன். கால்சட்டை நனைஞ்சதுலேர்ந்து அந்தத் தகர டம்ளர் வரைக்கும் சொல்வேன், ஓரின் பேரையும் சொல்வேன்.

நான் சொல்லி முடிச்சதும் எல்லாரும் மௌனமா இருப்பாங்க. அதைச் சம்மதம்னு நீ எழுதிடாத. ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கேளு, வாயைத் திறந்து பதில் சொல்லச் சொல்லு. கடைசியா உன் பேரையும் கேட்டுக்கோ. நீ என்ன சொல்றியோ அதை நான் நின்னு கேக்கணும்.

எல்வுட்